மணிக்கு 15 சென்ட்: மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர் ஒப்பந்தம், 1968 – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் என்று ஒரு நகரம். அதன் மாநகராட்சியும் துப்புரவுத் தொழிலாளர் சங்கமும் 1968 ஏப்ரல் 16 அன்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. சம்பள உயர்வு என்று அதில் இருந்தது இவ்வளவுதான்: மே 1 முதல் மணிக்கு 10 சென்ட், செப்டம்பரில் இன்னொரு 5 சென்ட். வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு 6 டாலர்.

அந்த 6 டாலருக்காக சுமார் 1,300 பேர் 65 நாள் வேலைக்குப் போகவில்லை. அவர்களுக்குத் துணையாக வந்த மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊரிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். உலகம் மெம்பிஸை நினைவில் வைத்திருப்பது அந்தக் கொலைக்காகத்தான். அதனால் ஒப்பந்தம் என்ன சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் இங்கே அந்தக் காகிதத்தைத்தான் படிக்கப் போகிறேன். ஊதிய ஒப்பந்தங்களில் நாம் முதலில் தேடிப் பார்ப்பது உயர்வு எவ்வளவு என்ற எண்ணைத்தான். மெம்பிஸில் தொழிலாளியின் மீதி வாழ்க்கையைத் தீர்மானித்தவை வேறு மூன்று விஷயங்கள்: சந்தா பிடித்தம் (சங்கச் சந்தாவைச் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுப்பது), பணிமூப்பு, ஓய்வூதியம். முதல் இரண்டில் சங்கம் ஜெயித்தது. மூன்றாவதில் நேர்ந்த பிழையைச் சரிசெய்யத் தொடங்கவே 49 வருடம் ஆனது.

வேலையும் கூலியும்

மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர்கள். மேற்பார்வையாளர்கள் வெள்ளையர்கள். வீட்டின் பின்கட்டுக்குப் போய்க் குப்பையைப் பெரிய தொட்டியில் கொட்டி, தலையிலோ தோளிலோ சுமந்து வந்து லாரியில் கொட்ட வேண்டும். தொட்டி ஒழுகும். அழுகிய நீர் உடம்பில் வழியும், கூடவே புழுக்களும். சீருடை கிடையாது. குளிக்க இடம் கிடையாது. வேலைக்குப் போட்ட துணியோடுதான் வீடு திரும்ப வேண்டும்.

கூலி சராசரியாக மணிக்கு 1.70 டாலர் அளவில் இருந்தது. தேசியக் குறைந்தபட்சக் கூலி 1968 பிப்ரவரி 1 அன்றுதான் 1.60 டாலராக உயர்ந்தது. ஆனால் அந்தச் சட்டம் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களுக்குப் பொருந்தவே இல்லை. 1966-இல் செய்த திருத்தம் அரசு மருத்துவமனைகள், பள்ளிகள் போன்ற சிலவற்றை மட்டும் உள்ளே கொண்டுவந்தது, மற்ற உள்ளாட்சி ஊழியர்கள் 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேலை முடியும்வரை வீட்டுக்குப் போக முடியாது, அதற்கு ஓவர்டைமும் கிடையாது. முழுநேரம் உழைத்தும் இவர்களில் பத்துக்கு நான்கு பேர் அரசின் வறுமை நிவாரணத்துக்குத் தகுதி பெறும் நிலையில் இருந்தார்கள் என்பது அன்று பரவலாகச் சொல்லப்பட்ட கணக்கு.

கூலியின் அளவைவிடக் கொடுமையானது அது கொடுக்கப்பட்ட விதம். இவர்கள் மணிக்கணக்குக் கூலிகள். மழை பெய்தால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். 1968 ஜனவரி கடைசியில் ஒரு மழைநாளில், சாக்கடைப் பிரிவில் வேலை செய்த 20-க்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களை இரண்டு மணி நேரக் கூலி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளை மேற்பார்வையாளர்கள் இருந்துவிட்டு, மழை விட்டபின் வேலை பார்த்து, முழு நாள் சம்பளம் வாங்கினார்கள்.

அடுத்த சில நாட்களிலேயே, பிப்ரவரி 1 அன்று, மீண்டும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்பக்கத்தில் ஒதுங்கினார்கள். வெள்ளையர் குடியிருப்பில் வீட்டு வாசலில் போய் நிற்க இவர்களுக்கு அனுமதியில்லை. பழைய லாரி அது. குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக இயங்கி, இருவரையும் உள்ளே இழுத்து நசுக்கிவிட்டது.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சலுகை என்ற சொல்லின் உண்மையான பொருள் இந்த இடத்தில்தான் தெரிகிறது. இருவரும் மணிக்கணக்குக் கூலிகள் என்பதால் தொழிலாளர் இழப்பீட்டுப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. குடும்பங்களுக்கு மாநகராட்சி கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும், ஈமச் செலவுக்கு 500 டாலரும். சலுகை என்றால் சம்பளத்துக்கு மேல் போடும் கொசுறு என்று நினைப்பவர்கள் உண்டு. வேலையில் செத்துப்போனால் குடும்பம் என்ன சாப்பிடும் என்ற கேள்விக்கான பதிலைத்தான் ஒப்பந்தங்கள் ‘சலுகைகள்’ என்ற தலைப்பில் எழுதுகின்றன. மெம்பிஸில் அந்தப் பக்கம் வெற்றுத்தாளாக இருந்தது.

பேச்சுவார்த்தைக்குச் சட்டமே இல்லை

பிப்ரவரி 12 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. திட்டமிட்டு, அறிவிப்புக் கொடுத்து நடந்த வேலைநிறுத்தம் இல்லை இது. ஆட்கள் வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சங்கம் புதிதும் இல்லை. டி.ஓ. ஜோன்ஸ் என்ற முன்னாள் துப்புரவுத் தொழிலாளி பல வருடமாக அதைக் கட்டிக்கொண்டிருந்தார். 1963-இல் அவரோடு சேர்த்து 33 பேரை மாநகராட்சி வேலையைவிட்டு நீக்கியிருந்தது. 1964-இல் மாநில, மாவட்ட, நகராட்சி ஊழியர்களின் தேசியச் சம்மேளனம் இவர்களுக்கு 1733 என்ற கிளை எண்ணைக் கொடுத்தது. 1966-இல் ஒரு வேலைநிறுத்த முயற்சி நடந்தது. நீதிமன்றத் தடை வந்ததும் அது அடங்கிப்போனது.

சட்டம் எந்தப் பக்கம் இருந்தது? அமெரிக்காவில் தொழிலாளர்களுக்குக் கூட்டுப் பேர உரிமையைக் கொடுத்தது 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம். அந்தச் சட்டத்தில் ‘முதலாளி’ என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்திலேயே மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும் விலக்கப்பட்டிருந்தன. தனியார் ஆலைத் தொழிலாளி சங்கம் வைத்தால் முதலாளி பேசியாக வேண்டும், மாநகராட்சித் தொழிலாளி வைத்தால் மேயர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். உள்ளாட்சி ஊழியர்களுக்குப் பேர உரிமை தந்து முதலில் சட்டம் போட்ட மாநிலம் விஸ்கான்சின், 1959-இல். டென்னசியில் அப்படி எதுவும் இல்லை. வேலைநிறுத்தம் செய்யும் உரிமையும் இல்லை.

மேயர் ஹென்றி லோப் 1968 ஜனவரி 1 அன்றுதான் மறுபடி பதவிக்கு வந்திருந்தார். 1950-களில் இதே நகரத்தின் பொதுப்பணித் துறைக்குப் பொறுப்பாளராக இருந்தவர் அவர். துப்புரவு வேலை என்ன லட்சணத்தில் நடக்கிறது என்று அவருக்குத் தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. வேலைநிறுத்தம் சட்டவிரோதம், முதலில் வேலைக்குத் திரும்புங்கள் என்பதே கடைசிவரை அவர் பதில். வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குப் பதிலாகக் கருங்காலிகளைப் பிடித்து, போலீஸ் காவலோடு லாரிகளை ஓட்டினார்.

புதிய நகரச் சாசனப்படி அமைந்த 13 பேர் கொண்ட மாமன்றம் ஒரு கட்டத்தில் வழிவிடும் போலத் தெரிந்தது. பிப்ரவரி 22 அன்று மாமன்றத்தின் துணைக்குழு சங்க அங்கீகாரத்தையும் சந்தா பிடித்தத்தையும் பரிந்துரைத்தது. மறுநாள் முழு மாமன்றம் அதை ஏற்காமல், பொறுப்பை மேயரிடமே தள்ளிவிட்டது. ஏமாந்து ஊர்வலமாகத் திரும்பியவர்கள்மேல் போலீஸ் கண்ணெரிச்சல் திரவத்தைத் தெளித்தது. அந்த நாள்தான் திருப்பம். சம்பளத் தகராறாக இருந்தது அத்தோடு ஊர்ப் பிரச்சினை ஆயிற்று. போதகர்கள் ஒன்றுசேர்ந்தார்கள், நகர மையத்தின் கடைகளையும் இரண்டு நாளிதழ்களையும் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டைகள் வந்தது இந்தப் போராட்டத்தில்தான். நரைத்த தலையோடு இருப்பவரையும் ‘பையா’ என்று கூப்பிடும் ஊரில் அந்தச் சொற்களுக்கு என்ன கனம் இருந்திருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மார்ச் 18 அன்று கிங் வந்து பேசினார். மார்ச் 28 ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. லாரி பெய்ன் என்ற 16 வயதுச் சிறுவன் போலீஸ் குண்டுக்குப் பலியானான். ஏப்ரல் 4 அன்று கிங் கொல்லப்பட்டார். ஏப்ரல் 8 அன்று அவருடைய மனைவி கொரெட்டா முன்னின்று நடத்திய மௌன ஊர்வலத்தில் சுமார் 42,000 பேர் நடந்தார்கள். அதிபர் ஜான்சன் தொழிலாளர் துறை இணைச் செயலர் ஜேம்ஸ் ரெனால்ட்ஸை மெம்பிஸுக்கு அனுப்பியிருந்தார். அவர் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைத்தார். பேச்சு ஏப்ரல் 16 அன்று முடிந்தது. மாமன்றம் 12-க்கு 1 என்ற வாக்கில் ஒப்புக்கொண்டது.

சந்தா என்ற முடிச்சு

பேச்சுவார்த்தை அதிகம் முட்டி நின்ற இடம் கூலி இல்லை, சந்தா பிடித்தம். மேயர் கடைசிவரை விட்டுக்கொடுக்க மறுத்தது இதைத்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். சம்பளப் பட்டியலில் ஒரு வரி, அதற்கு எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கத் தோன்றும்.

சங்கம் நடத்தியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். சம்பளத்திலேயே சந்தா பிடிக்கப்படாவிட்டால், ஒவ்வொரு சம்பள நாளிலும் ஒருவர் ஆள் ஆளாகப் போய்க் கையேந்தி வாங்க வேண்டும். மளிகைக் கடன், வாடகை, பிள்ளையின் மருந்து எல்லாம் போக மிச்சம் இருந்தால்தான் சந்தா. மேற்பார்வையாளர் கண்முன்னால் கொடுக்கப் பயமும் இருக்கும். 33 பேர் வேலை போனதைப் பார்த்தவர்கள் இவர்கள். கையால் சந்தா வசூலிக்கும் சங்கம் பாதி நேரத்தை வசூலிலேயே கழித்துவிடும், குறைகளைக் கேட்க நேரம் இருக்காது. பிடித்தம் வந்துவிட்டால் சங்கத்துக்கு நிலையான வருமானம், நிர்வாகத்துக்கு ‘உங்களுக்கு எத்தனை பேர் ஆதரவு’ என்று கேட்க வழியில்லாமல் போகும். மேயருக்கும் இது தெரிந்திருந்தது. ஒரு தடவை கூலி ஏற்றிவிட்டு மறந்துவிடலாம். பிடித்தம் கொடுத்தால் அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் சங்கம் எதிரே வந்து உட்காரும்.

முடிச்சை அவிழ்த்த வழி எளிமையானது. மாநகராட்சி நேரடியாகச் சந்தா பிடிக்காது. தொழிலாளி எழுதிக் கொடுத்தால், சம்பளத்திலிருந்து ஊழியர் கடன் சங்கத்துக்குப் பணம் போகும். கடன் சங்கம் அதைத் தொழிற்சங்கத்துக்கு அனுப்பும். ‘நாங்கள் சங்கத்துக்குச் சந்தா பிடிக்கவில்லை’ என்று மேயர் சொல்லிக்கொள்ளலாம், சங்கத்துக்குப் பணம் வந்துவிடும். பேச்சுவார்த்தை மேசையில் கௌரவமும் ஒரு சரக்கு. எதிராளிக்கு முகம் காப்பாற்றிக்கொள்ள ஒரு சந்து விடுவதை என்னால் தோல்வி என்று சொல்ல முடியாது.

பணிமூப்பும் மற்ற பிரிவுகளும்

சங்கத்தை ஊழியர்களின் பிரதிநிதியாக ஏற்பது, குறைதீர்ப்புக்கு ஒரு நடைமுறை, இனப் பாகுபாடு காட்டக் கூடாது, போராடியவர்களைப் பழிவாங்கக் கூடாது – இவையெல்லாம் எழுத்தில் வந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது பதவி உயர்வுப் பிரிவு. பணிமூப்பும் தகுதியும் பார்த்துத்தான் உயர்வு என்று அது சொன்னது. அதுவரை உயர்வு மேற்பார்வையாளர் மனசு வைத்தால் வருவது, அவர் மனசு யார் பக்கம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. தொட்டி சுமப்பவருக்கு லாரி ஓட்டும் வேலை கிடைத்தால் அது மணிக்கு 15 சென்டைவிடப் பெரிய மாற்றம். முதுகுக்கும் ஓய்வு.

15 சென்ட் – கணக்கு

1.70 டாலர் சராசரிக்கு 15 சென்ட் என்றால் ஏறக்குறைய 9 சதவீதம். இரண்டு தவணையாக வந்ததால் மே முதல் ஆகஸ்ட் வரை கைக்கு வந்தது 10 சென்ட் மட்டுமே. வேலைநிறுத்த நாட்களுக்குக் கூலி இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 65 நாள் என்றால் ஒன்பது வாரம் தாண்டுகிறது. வாரத்துக்கு 68 டாலர் என்று வைத்தால் ஒருவர் இழந்தது 600 டாலருக்கு மேல். வாரத்துக்கு 6 டாலர் உயர்வில் அதை மீட்க இரண்டு வருடம் ஆகும். பணக்கணக்கு மட்டும் பார்த்தால் இந்தப் போராட்டம் அந்த மனிதர்களுக்கு உடனடி நஷ்டம். அவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை.

மாநகராட்சிப் பக்கக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. மே, ஜூன் இரண்டு மாத உயர்வுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் இடமில்லை என்றார்கள். 1,300 பேருக்கு, மணிக்கு 10 சென்ட், வாரம் 40 மணி நேரம், இரண்டு மாதம் – என் கணக்கில் சுமார் 45,000 டாலர். அதை ஏப் பிளோ என்ற உள்ளூர் மருந்துத் தொழிலதிபர் தன் பெயர் வெளியே தெரியாமல் கொடுத்து உதவினார். நல்ல மனம்தான். ஆனால் ஒரு மாநகரம் தன் குப்பையை அள்ளுகிறவர்களுக்கு இரண்டு மாதம் 10 சென்ட் கூட்டிக் கொடுக்க ஒருவருடைய தருமத்தை எதிர்பார்த்தது என்பதைப் படிக்கும்போது மனசு கசக்கிறது. இந்தத் தொகை மேசையில் பிப்ரவரியிலேயே வந்திருந்தால் எத்தனை விஷயங்கள் நடக்காமல் இருந்திருக்கும்!

ஒப்பந்தம் வந்ததும் எல்லாம் தானாக நடந்துவிடவும் இல்லை. மாநகராட்சி தான் ஒப்புக்கொண்டதை நிறைவேற்றவைக்கச் சில மாதம் கழித்துச் சங்கம் மறுபடி வேலைநிறுத்த எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

ஓய்வூதியம்

இப்போது அந்த மூன்றாவது விஷயம்.

மெம்பிஸ் மாநகராட்சிக்குச் சொந்த ஓய்வூதியத் திட்டம் இருந்தது. போராட்டத்துக்குப் பிறகு துப்புரவுத் தொழிலாளர்கள் அதில் சேரவில்லை. சோஷியல் செக்யூரிட்டி என்ற தேசிய அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் திட்டத்தை உருவாக்கிய 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளாட்சி ஊழியர்கள் இல்லை. 1950-க்குப் பிறகு மாநிலங்கள் விரும்பினால் உடன்பாடு செய்து சேர்க்கலாம் என்று ஆனது. அந்த வழியில் இவர்கள் உள்ளே போனார்கள்.

ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்? அன்றைய கண்ணால் பார்த்தால் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஒரே மாநகராட்சியில் பல வருடம் நிலைத்தால்தான் அதன் ஓய்வூதியம் பலன் தரும். 1963-இல் ஒரே வீச்சில் 33 பேரை நீக்கிய நிர்வாகத்தை நம்பி யார் முதுமையை அடகு வைப்பார்கள்? சோஷியல் செக்யூரிட்டி எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரும். ஊனமானால் உதவி, செத்தால் மனைவி மக்களுக்கு உதவி என்று அதில் இருந்தது. கோல், வாக்கர் குடும்பங்கள் கண்ணெதிரே நின்ற நேரம் அது.

ஆனால் கணக்கு காலப்போக்கில் திரும்பியது. மாநகராட்சி ஓய்வூதியம் அதிகத் தாராளமானதாக அமைந்தது. சோஷியல் செக்யூரிட்டி வாழ்நாள் முழுவதும் வாங்கிய சம்பளத்தின் சராசரியைப் பார்த்துத் தருவது. வாழ்நாள் முழுவதும் குறைந்த கூலி வாங்கியவனுக்கு முதுமையிலும் குறைவாகவே வரும். போராடி உயர்த்திய கடைசிக் காலச் சம்பளம்கூட அந்த நீண்ட சராசரியில் கரைந்துபோகும். மற்றத் துறை ஊழியர்கள் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனபோது, துப்புரவுப் பிரிவில் பலர் 70 வயது தாண்டியும் லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சங்கத் தலைவர்களின் தவறு என்று சொல்லத் துணிய மாட்டேன். என் குறை அந்தத் தேர்வின்மேல் இல்லை, மீண்டும் தேர்ந்தெடுக்க வாய்ப்பு வராததன்மேல். கூலி உயர்வு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பேசப்படும், தப்பாகப் போனால் அடுத்த முறை திருத்தலாம். ஓய்வூதியத் தேர்வை ஒரு தடவை செய்து மூடிவிட்டால், பிழை தெரியவரும்போது அந்தத் தலைமுறைக்கு வயதாகியிருக்கும். இத்தனை வருடத்துக்கு ஒருமுறை திட்டத்தை மறுபரிசீலனை செய்யலாம், விரும்பினால் மாறிக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு இருந்திருந்தால் போதும். பேச்சுவார்த்தைக்குத் தயாராகும் எந்தச் சங்கமும் கோரிக்கைப் பட்டியலில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்பேன், உயர்வு எத்தனை சதவீதம் என்று முடிவு செய்வதற்கு முன்பே.

1968-இல் போராடிய அந்தத் தொழிலாளர்களை 2011-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை தன் கௌரவப் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது. உயிரோடு இருந்தவர்களில் சிலர் வெள்ளை மாளிகைக்குப் போய் அதிபர் ஒபாமாவைச் சந்தித்தார்கள். ஓய்வூதியம் மட்டும் அப்படியே இருந்தது.

2017 ஜூலையில் மேயர் ஜிம் ஸ்ட்ரிக்லாண்ட் ஒரு அறிவிப்பு செய்தார். 1968 போராட்டத்தில் பங்கேற்று அப்போதும் உயிரோடு இருந்த தொழிலாளர்களுக்கு மாநகராட்சி ஆளுக்கு 50,000 டாலர் கொடுக்கும். அப்போது வேலையில் இருந்த துப்புரவுத் தொழிலாளர்களுக்கு, அவர்கள் சேமிப்பதற்கு ஈடாக மாநகராட்சியும் பணம் போடும் ஓய்வுக்காலத் திட்டம் ஒன்று வரும். முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 14 பேர். பிறகு பட்டியலில் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். 50,000 டாலரில் வரி போனால் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்வி எழுந்ததும், வரி கட்டியபின் 50,000 நிற்கும்படி தொகையை 70,000 ஆக்கினார்கள். அந்த 14 பேரில் நான்கு பேர் அப்போதும் மாநகராட்சி வேலையில் இருந்தார்கள்.